வரிசையில் ஒரே ஒரு ஆள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தூர்டிஸ் நெஸ்விக் தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். கல்வித் துறையின் தலைவர் சுகாதாரத் துறையின் தலைவருக்கு எழுதும் கடிதம். "எங்கள் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் நர்ஸ் வேண்டுமென்று மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொள்கிறோம்." கையெழுத்திட்டு, எண் போட்டு, மேசையின் இடது மூலையில் வைப்பார். எழுந்து போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு வருவார். மறுபடி உட்கார்ந்து, அதே கடிதத்தை எடுத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு படிப்பார். "தங்கள் கோரிக்கையை அனுதாபத்துடன் பரிசீலித்தோம். ஆள் பற்றாக்குறையால் இயலாமைக்கு வருந்துகிறோம்." அதற்கும் ஒரு கையெழுத்து, ஒரு எண். பிறகு மனம் புண்பட்டவராக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

"இந்தச் சுகாதாரத் துறைக்காரி இருக்காளே, கல்நெஞ்சுக்காரி," என்பார், உள்ளே வருகிறவர்களிடம். "எத்தனை தடவை கேட்டாச்சு! ஒரு நாள் நேர்ல பார்த்து நாலு கேள்வி கேக்கணும் அவள."

நார்வேயின் வரைபடத்தில் எங்கள் ஸ்டெய்ன்வோக் ஊராட்சியின் பெயரைக் கடலின் மேல்தான் அச்சடித்திருப்பார்கள். நிலத்தில் அதற்கு இடம் போதாது. எண்ணூற்று எழுபத்து நான்கு பேர். ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், ஒரு முதியோர் இல்லம். இரண்டு வாரத்துக்கு ஒரு டாக்டர் விமானத்தில் வருவார். எங்கள் பெயர்களைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் திரும்பிப் போய்விடுவார். கல்வி, சுகாதாரம், சமூக நலம் ஆகிய மூன்று துறைகளுக்கும் தனித்தனித் தலைவர் வைக்க முடியாமல், ஒன்பது வருடங்களுக்கு முன் மூன்றையும் தூர்டிஸின் தலையில் கட்டினார்கள். அவர் அறைக் கதவில் மூன்று பெயர்ப்பலகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மூன்றிலும் ஒரே பெயர்.

தொலைபேசியை எடுத்தால் முதல் கேள்வி, "எந்தத் தூர்டிஸ் வேணும்?" என்பதுதான். துறைகளுக்கு இடையே நடப்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று மேலிடத்துத் தணிக்கைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து கடிதப் போக்குவரத்து தொடங்கியது. அவர் என்னவோ பொதுவாகச் சொன்னார். தூர்டிஸ் அதைப் பிடித்துக்கொண்டார்.

"வாயால கேட்டா நானே எனக்குச் சரின்னு சொல்லிடுவேன்," என்பார். "என்னப் பத்தி எனக்குத் தெரியாதா? இளகின மனசு. எழுத்துல இருந்தாத்தான் மறுக்க முடியும்."

வயது அறுபத்தொன்று. உயரம் அதிகம், வாசலில் குனிந்து நுழைந்து பழகியதால் உயரமான வாசலிலும் குனிவார். கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் தொங்கும், இரண்டிலும் சரியாகத் தெரியாது. காரின் பின்பக்கத்தில் ஒரு முதியவருக்கான நடைவண்டி, பள்ளிப் பிள்ளைகளின் பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டு ஜோடி, யாருக்கோ போய்ச்சேர வேண்டிய டயப்பர் பெட்டி ஒன்று. மதியச் சாப்பாடு பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, கார் ஓட்டும்போதே தின்பார். கணவர் ரொல்ஃப் எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கூட்டத்துக்காகப் பெர்கன் நகரத்துக்குப் போனார். "கூட்டம் இன்னும் முடியல," என்பார் தூர்டிஸ். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அவருடைய பெரிய தலைவலி சொந்தக்காரர்கள். சொந்தபந்தம், நெருங்கிய சிநேகம், பகை எதுவாக இருந்தாலும் அந்த ஆளின் விஷயத்தில் அதிகாரி கையெழுத்துப் போடக் கூடாது என்பது சட்டம். தலைநகரத்தில் எழுதிய சட்டம். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. எங்கள் ஊரில் மூன்றில் ஒரு பங்கு பேர் தூர்டிஸுக்கு உறவு. இன்னொரு பங்கு அவரோடு ஏதோ ஒரு வேலித் தகராறிலோ கூட்டத் தகராறிலோ சண்டை போட்டவர்கள். மிச்சமிருப்பவர்களுக்கு அவர் பழைய வாத்தியார். ஆகவே அவர் இழுப்பறையில், தாம் கை வைக்கக் கூடாத பெயர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஐந்து பக்கம்.

இந்தச் சிக்கலுக்கு எதிர்க்கரை ஊராட்சியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கே அதே மாதிரி மூன்று பலகைகளோடு உட்கார்ந்திருப்பவர் லில்லியன். இரண்டு பேருக்கும் ஒப்பந்தம்: தூர்டிஸின் சொந்தங்களை லில்லியன் பார்ப்பார், லில்லியனின் சொந்தங்களைத் தூர்டிஸ் பார்ப்பார். மாதத்துக்கு இரண்டு முறை, ஃபெரிப் படகில் ஒரு கட்டுக் கோப்பு போகும், ஒரு கட்டு வரும். "போன தடவை நல்ல ஆளா அனுப்பினேன், நீ என்னடான்னா உன் சித்தப்பாவ அனுப்பியிருக்க," என்று தொலைபேசியில் பேரம் பேசுவார்கள்.

வீட்டு உதவிக்கு விண்ணப்பித்தவர்களை நேரில் போய்ப் பார்ப்பதில் தூர்டிஸை மிஞ்ச ஆள் கிடையாது. விண்ணப்பித்தவர் என்பது பேச்சுக்கு. எங்கள் ஊரில் யாரும் உதவி கேட்பதில்லை. ஆஸ்லோவில் இருக்கும் மகள் கேட்பாள். தூர்டிஸ் வருகிறார் என்று தெரிந்ததும், மாப்பிள்ளை வீட்டார் வருவதுபோல அந்த வீடு துடைத்து மெழுகப்படும். எழுந்து நிற்க முடியாதவர் வாசலில் நின்று வரவேற்பார். படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். சமைப்பது, உடுத்துவது, குளிப்பது, நடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள். ஒன்று என்றால் சிரமமே இல்லை, ஐந்து என்றால் முடியவே முடியாது. "ஒண்ணு போடு," என்பார்கள், பன்னிரண்டுக்கும்.

தூர்டிஸ் வாதாட மாட்டார். "ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" என்பார். கெட்டிலை எந்தக் கை தூக்குகிறது, தூக்கும்போது உதடு எப்படிக் கோணுகிறது என்று பார்ப்பார். பால் ஊற்றிக்கொள்கிற சாக்கில் பால் பெட்டியின் தேதியைப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை ஒரு மாதிரி அன்பாக வைத்துக்கொண்டு தொடங்குவார். அந்த முகத்தை வைத்துக்கொள்வது எப்படி என்று ஊழியர்களுக்கு அரை நாள் வகுப்பே எடுத்திருக்கிறார்.

"உதவி வாங்கிக்கிறதுல என்ன வெக்கம்? அம்பது வருஷம் வரி கட்டியிருக்க. உன் வரி, உன் முதுகு. ஆள் வந்து தேய்ச்சு விட்டா வாங்கிக்க."

கடல்முனையில் தனியாக இருக்கும் ஓட்லெய்ஃப்புக்கு எண்பத்தெட்டு வயது, இரண்டு முறை விழுந்தவர். அவர் மட்டும் ஒருமுறை திருப்பிக் கேட்டார். "அதிருக்கட்டும், உன் முதுக யாரு தேய்க்கிறா?"

"எனக்குத்தான் கை எட்டுதே," என்றார் தூர்டிஸ். அப்போது எட்டியது.

அக்டோபர் கடைசியில் 'விழாமல் இருப்போம்' வாரம் என்று ஒன்றை அவரே அறிவித்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பனியில் வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் ஆணிப்பட்டை ஒரு ஜோடி இலவசம். நூற்று நாற்பது ஜோடி வந்திறங்கியது. நவம்பர் முதல் வியாழன் காலை, மழை பெய்து உறைந்திருந்த சுகாதார நிலைய முற்றத்தில், அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து வாசலுக்குப் புறப்பட்டார். தன் காலில் ஆணிப்பட்டை மாட்டவில்லை. அவருக்கு வயது அறுபத்தொன்றுதானே. விதியை எழுதியவரே அதை மீறினால் எப்படி?

நான்காவது எட்டில் விழுந்தார். பெட்டி உடைந்து நூற்று நாற்பது ஜோடியும் பனிமேல் சிதறின. சத்தம் கேட்டு ஓடிவந்தவர் ஸ்தீனா. தூர்டிஸின் கீழ் வேலை செய்யும் வீட்டு உதவி நர்ஸ், முப்பத்து நான்கு வயது, வாய்த்துடுக்கு. அவரும் வழுக்கிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, அருகில் கிடந்த ஒரு ஜோடியை எடுத்துத் தன் காலில் மாட்டிக்கொண்ட பிறகுதான் கிட்டே வர முடிந்தது.

"அசையாத! எங்க வலிக்குது?"

"மானத்துல," என்றார் தூர்டிஸ்.

வலது கை தோளுக்குக் கீழே முறிந்திருந்தது. ஃபெரியிலும் பேருந்திலுமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அறுவைசிகிச்சை வேண்டாம், பொறுமை வேண்டும் என்றார்களாம். "வீட்ல தனியாவா இருக்க?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டதற்கு, "இல்ல, மூணு பேர் இருக்கோம், மூணு பேருக்கும் இதே கைதான்," என்று சொல்லிவிட்டு வந்ததாக அவரே சொல்லிச் சிரித்தார். ஊரே சிரித்தது. ஓட்லெய்ஃப் தொலைபேசியில் கூப்பிட்டு, "எனக்கு வச்சிருந்த ஜோடிய நீயே எடுத்துக்க, எனக்கு நடக்கத் தெரியும்," என்றார்.

சிரிப்பெல்லாம் அலுவலகத்தோடு சரி. வீட்டில் ஒரு கையால் ரொட்டி வெட்டலாம், உறையைப் பல்லால் கிழிக்கலாம், பொத்தான் வைத்த கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒப்பேற்றலாம். குளியலறையில்தான் சிக்கல். முதல் வாரம் ஷவருக்குள் கால் வைத்தார். ஈரத் தரை காலில் பட்டதும் முற்றத்துப் பனி ஞாபகம் வந்தது. வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான் குளியல். தலையை ஒருமுறை சமையலறைத் தொட்டியில் விட்டுப் பார்த்தார். குனிந்ததும் தோள் உயிர் போகிற மாதிரி வலித்தது. பாதி நுரையோடு தரையில் உட்கார்ந்து அழுதார். ஊரில் இருந்த ஒரே முடிதிருத்தும் கடையையும் மூன்று வருடங்களுக்கு முன் மூடிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அலுவலகத்திலும் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை.

விழுந்த பதினோராம் நாள் ஸ்தீனா அவர் அறைக்கு வந்து, தொப்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெற்று விண்ணப்பப் படிவம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இது யாருக்கு?" என்றார் தூர்டிஸ்.

"உள்ள தொப்பி போட்டுட்டு உக்காந்திருக்கிற ஒருத்திக்கு."

"குளிருது எனக்கு."

"ஹீட்டர்ல சாஞ்சுட்டு உக்காந்திருக்க, நெத்தியில வேர்வை. கையெழுத்துப் போடு."

"இடது கையில என் கையெழுத்து வராது."

"என்ன வருதோ அதப் போடு. நாளைக்கே வந்து தலைக்கு ஊத்தி விடுறேன்."

"நாளைக்கேன்னா எப்படி? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு," என்றார் தூர்டிஸ். கையெழுத்துப் போட்டார், கோழி கிளறியது போல இருந்தது.

விண்ணப்பம் முறைப்படி தபால் தட்டுக்குப் போய், முறைப்படி மறுநாள் காலை அவர் மேசைக்கே வந்தது. சமூக நலத் துறைத் தலைவர் அதைப் படித்தார். பெற்றுக்கொண்ட முத்திரை குத்தினார். வழக்கமான பதிலை விண்ணப்பதாரருக்குத் தட்டெழுதினார்: "தங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. பரிசீலனைக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். பொறுமைக்கு நன்றி." உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தன் வீட்டு முகவரிக்கு அனுப்பினார். இரண்டு நாளில் அது வந்து சேர்ந்தபோது, அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பிரித்துப் படித்தார். நல்ல தமாஷ் என்று நினைத்துத்தான் அனுப்பினார். படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. 'பொறுமைக்கு நன்றி' என்ற வரியை இத்தனை வருடமாக எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று தோன்றியது.

ஸ்தீனா தினம் கேட்டார். "என்ன ஆச்சு விண்ணப்பம்?"

"வரிசையில இருக்கு."

"வரிசையில எத்தனை பேர் இருக்காங்க?"

தூர்டிஸ் கணினியில் பார்த்தார். "ஒருத்தர்."

"யாரு?"

"நான்தான்."

"அப்ப யாருக்காக நிக்கிற?"

"முன்னாடி போனேன்னா பேச்சு வரும், ஸ்தீனா. அதிகாரின்னா நாலு வாரம் ரெண்டு நாளாயிடுமான்னு கேப்பாங்க."

"யாரு கேப்பா? பின்னாடி ஆளே இல்லயே!"

வரிசை முறை என்று அவர் சொன்னது பாதிதான் உண்மை. மிச்சப் பாதி பயம். எங்கள் ஊராட்சியின் காகிதங்களில் உதவி வாங்குகிறவர்களுக்குப் 'பயனாளி' என்று பெயர். நேற்றுவரை மீன்பிடிப் படகுத் தலைவனாகவோ பள்ளி வாத்தியாராகவோ இருந்தவர், முதல் நாள் ஆள் வந்து முதுகு தேய்த்ததும் பயனாளியாகிவிடுவார். அன்றிலிருந்து அவரிடம் எல்லோரும் கொஞ்சம் உரக்கவும் மெதுவாகவும் பேசுவார்கள், தூர்டிஸும்தான். அந்த அன்பான முகம் தன் பக்கம் திரும்பும் நாளைத் தள்ளிப்போடவே பார்த்தார். தலை அரித்தாலும் பரவாயில்லை, இன்னும் நான்கு வாரம் தூர்டிஸாகவே இருந்துவிடலாம் என்று நினைத்தார்.

விண்ணப்பம் போட்ட இருபத்தைந்தாம் நாள் ஒரு வழியாகக் கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிய கேள்வி: விண்ணப்பதாரருக்கும் பரிசீலிப்பவருக்கும் உறவு உண்டா? பேனா அப்படியே நின்றது. தன்னைவிட நெருங்கிய சொந்தம் தனக்கு யார்? கீழே இருப்பவர்களிடம் தள்ளவும் முடியாது. மேலதிகாரியின் விஷயத்தில் அவருக்குக் கீழே வேலை செய்பவர் முடிவெடுக்கக் கூடாது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஒன்பது வருடமாக இந்த விதியை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவர், ஐந்து பக்கப் பட்டியலில் ஊரையே எழுதி வைத்துவிட்டு, தன் பெயரை எழுத மறந்திருந்தார். பட்டியலின் கடைசியில் இடது கையால் 'தூர்டிஸ் நெஸ்விக்' என்று கிறுக்கினார். கோப்பை உறையில் போட்டு ஃபெரிக்கு அனுப்பினார்.

அன்று மாலையே லில்லியன் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"இருபத்தஞ்சு நாளா உன்ன நீயே காக்க வச்சியா?"

"சட்டப்படி இருபத்தெட்டு நாள் இருக்கு. மூணு நாள் முன்னாடியே அனுப்பியிருக்கேன்," என்றார் தூர்டிஸ்.

"வியாழக்கிழமை பத்தே முக்கால் ஃபெரியில வர்றேன்."

"வா வா, ஆனா சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். எனக்கு இப்ப பெரும்பாலும் எல்லாம் செஞ்சுக்க முடியுது."

சொல்லி முடித்ததும், இதே வாக்கியத்தை யாரோ தன்னிடம் நூறு முறை சொல்லியிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

தெரிந்தே செய்தார், அதுதான் வேடிக்கை. புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, இடது கையால் வீடு முழுக்கக் கூட்டித் துடைத்தார். கடையில் ஒரு கேக் வாங்கி, பெட்டியைக் குப்பையின் அடியில் அமுக்கிவிட்டு, கேக்கைத் தன் தட்டில் வைத்தார். சமையல் மேடையில் ஒரு பிடி மாவைத் தூவினார். புதுப் பால் வாங்கினார். வியாழன் காலை ஷவரைத் திறந்து, தள்ளி நின்றபடியே தரைக்கும் சுவருக்கும் தண்ணீர் அடித்தார். கடைசியாக அலமாரியிலிருந்து நீல வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டரை எடுத்தார். தலைவழியாகப் போடுவது, பொத்தான் கிடையாது. இதைப் போட்டுக்கொண்டிருப்பவளிடம் உடுத்த முடியுமா என்று யார் கேட்கப்போகிறார்கள்? கையைத் தாங்கிய துணிக்கட்டைக் கழற்றிப் பத்து நாள் ஆகியிருந்தாலும் கை மார்புக்குமேல் எழவில்லை. முப்பத்தைந்து நிமிடம் போராடினார். நடுவில் முகம் கம்பளிக்குள் மாட்டிக்கொண்டு, சுவரில் மோதி, காலடியில் வந்த பூனையை மிதிக்க இருந்தார். வெளியே தலை வந்தபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது. தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

லில்லியன் குள்ளமானவர், மெதுவாகப் பேசுபவர். காலணியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து தன் வீட்டுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கேக்கைத் தின்றார், நன்றாக இருக்கிறது என்றார், எந்தக் கடை என்று கேட்கவில்லை. படிவத்தை எடுத்தார்.

"சமையல்?"

"ஒண்ணு. மாவக் கூட இன்னும் துடைக்கல, பாரு."

"பாத்தேன். வீடு கூட்டுறது?"

"ஒண்ணு."

"உடுத்துறது?"

"போட்டிருக்கேனே. ஒண்ணு."

"குளிக்கிறது?"

"ஒண்ணு."

லில்லியன் பென்சிலை வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குப் போனார். தூர்டிஸ் மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டார். தரை ஈரமாக இருக்கிறது, சுவர் ஈரமாக இருக்கிறது, துண்டைக்கூட நனைத்துத் தொங்கவிட்டாயிற்று. லில்லியன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஷவரெல்லாம் நனஞ்சிருக்கு," என்றார்.

"காலையிலதான் குளிச்சேன்."

"சோப்பு நனையல, தூர்டிஸ். காஞ்சு நடுவுல வெடிச்சிருக்கு."

தூர்டிஸ் மேசையைப் பார்த்தார். "சோப்ப மறந்துட்டேன்," என்றார். "ஒம்பது வருஷத் தொழிலு. யார் யார் வீட்டுச் சோப்பையெல்லாம் தொட்டுப் பாத்திருக்கேன். என் வீட்டுச் சோப்ப மறந்துட்டேனே!"

லில்லியன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். தூர்டிஸ் தோளைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் லில்லியன் ரப்பரால் ஒன்றுகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒரே ஒரு கேள்வி. அதற்கு எண் கிடையாது.

"உனக்கு எது முக்கியம்?"

இந்தக் கேள்வியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுகாதார நிலையத்தின் வாசலில் மாட்டியவரே தூர்டிஸ்தான். எத்தனையோ சமையலறைகளில் இதைக் கேட்டிருக்கிறார். ஒருவர் பூனை என்பார், ஒருவர் படகு என்பார், ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட வேண்டும் என்பாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவற்றை ஒரே வரியில் சுருக்கி எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கிறார். இப்போது அவருக்கும் நழுவிப்போக இரண்டு மூன்று வேடிக்கைப் பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன. அவற்றை விழுங்கினார்.

"தலைக்குக் குளிக்கணும்," என்றார். "நாப்பத்திரண்டு நாளாச்சு, லில்லியன். எனக்கு உள்ள போகப் பயமா இருக்கு."

லில்லியன் அந்த அன்பான முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வாரம் மூணு நாள் ஸ்தீனா வருவா. உத்தரவ இன்னைக்கே அனுப்பிடுறேன். என் ஃபெரி ரெண்டரைக்குத்தான். சுடுதண்ணி வருதா?"

"வருது. ஆனா இது உன் வேலை இல்லயே. மதிப்பிட வந்தவ கையால குளிப்பாட்டலாம்னு எந்த விதியில..."

"தூர்டிஸ்."

"என்ன?"

"இந்த ஸ்வெட்டர எப்பிடிப் போட்ட?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

"கழட்ட முடியுமா?"

தூர்டிஸ் எழுந்து குளியலறை வாசல்வரை நடந்தார். அதற்குள் உள்ளே போயிருந்த லில்லியன் தண்ணீரைத் திறந்து, புறங்கையில் விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். தூர்டிஸ் இடது கையால் தொப்பியை எடுத்துக் கதவுக் கைப்பிடியில் மாட்டினார். பிறகு லில்லியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தலையைக் குனிந்து, இடது கையை முடிந்தமட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.